கல்விக்கூடமா, கடன்கூடமா?

(மாணவர் பயிற்சிப் பாசறையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நாடகம் எழுதுகிறவன் நான். என் நாடகத்திலே வட்டிக்கடைக்காரர் வரவேண்டுமென்றால், அதிகம் எழுத வேண்டியதில்லை. ஒரு தொப்பை, பத்து விரலுக்கும் மோதிரம், அக்குளிலே கணக்குப் புத்தகம் - போதும். மேடையில் கால் வைத்ததுமே மக்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். ஆனால், இன்று நான் பேச வந்திருப்பது வேறொரு வட்டிக்கடைக்காரரைப் பற்றி. அவருக்குத் தொப்பையுமில்லை, மோதிரமுமில்லை. கலைமகள் படம் மாட்டிய குளிர்ந்த அறையிலே அமர்ந்து, "படிக்க உதவுகிறோம், வாருங்கள்" என்று புன்னகையோடு அழைக்கிறார்!

அந்த அழைப்பை நம்பிச் சென்றவர்களிலே நானும் ஒருவன். 2007-ஆம் ஆண்டு பொறியியல் கல்லூரியொன்றிலே சேர்ந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம், வங்கியின் பெயரும் வேண்டாம். ஆளை அல்ல, முறையை எதிர்க்க வந்தவர்கள் நாம். என் தந்தையார் தறி நெய்பவர். நூலை அறுக்காமல் ஓடும் அவர் கை, வங்கித் தாளிலே கையெழுத்திடும்போது நடுங்கிற்று. "பையன் பொறியாளரானால் அடைந்துவிடும்" என்றார். மூன்றாம் ஆண்டிலே, நாளுக்கொரு பெயரில் வந்த கட்டணங்களைக் கட்ட வழியின்றி வெளியேறினேன். பட்டம் வரவில்லை, வட்டி வந்தது! படிப்பு நின்றது, கடன் நிற்கவில்லை!

2010-ஆம் ஆண்டிலே, குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை என்று தமிழக அரசு அறிவித்தது. எனக்கு அது எட்டவில்லை. என் தங்கைக்கு எட்டியது. அவள் இன்று பொறியாளர். ஒரே வீடு, ஒரே தறி, ஒரே வறுமை. என்னைவிட அவள் அறிவாளி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேறுபாடு அதனால் வந்ததன்று. என்னிடம் நீட்டப்பட்டது கடன். அவளிடம் நீட்டப்பட்டது உரிமை.

வீட்டுக் கதை இருக்கட்டும். நாட்டுக் கதைக்கு வருவோம். செல்வம் கொழிக்கும் அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம்.

1847-ஆம் ஆண்டு, நியூயார்க் நகர மக்கள் வாக்களித்து ஒரு முடிவு செய்தனர். ஏழை எளியோரின் பிள்ளைகள் கட்டணமின்றிப் பயில உயர்கல்விக் கூடம் ஒன்று வேண்டும் என்பதே அந்த முடிவு. அன்று பிறந்த கூடம், பின்னாளிலே சிட்டி காலேஜ் எனப் பெயர் பெற்றது. அங்கே பயின்று, 1934-இல் பட்டம் பெற்றான் ஓர் இளைஞன். எளிய யூதக் குடும்பத்துப் பிள்ளை. பெயர், ஜோனாஸ் சால்க். பிள்ளைகளின் கால்களை முடக்கிய போலியோவுக்கு அவர் கண்ட தடுப்பூசி, 1955-இல் பயன் தருவதென மெய்ப்பிக்கப்பட்டது. அந்த மருந்துக்குக் காப்புரிமை எடுக்கப்படவில்லை! ஊர் கொடுத்த கல்வி, உலகுக்கே கொடையாகத் திரும்பிற்று. இந்த வரவை எந்த வங்கிப் பேரேட்டிலே எழுதுவது, தோழர்களே?

1976-இல் நிதி நெருக்கடி என்றார்கள். சிக்கன நடவடிக்கை என்றார்கள். ஏறத்தாழ நூற்றிருபத்தொன்பது ஆண்டு மரபை முறித்து, அந்த நகரத்துக் கல்லூரிகளிலே கட்டணம் நுழைந்தது.

அதற்கு முன்பே, 1965-இல், குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டிருந்தார். உதவித்தொகையும் உண்டு, கடனும் உண்டு. வங்கி கடன் தரும். மாணவன் கட்டத் தவறினால் அரசு ஈடு செய்யும். நோக்கத்தை நான் குறை கூறவில்லை. ஆனால், கூடாரத்திலே ஒட்டகம் தலையை நீட்டியது அப்போதுதான். கட்டணம் ஏற ஏறக் கடன் ஏறிற்று. கடன் கிடைக்கிறது என்பதே கட்டணத்தை ஏற்றுவோருக்குத் துணிவுமாயிற்று.

வாணிபத்திலே நொடித்துப் போனவர் மஞ்சள் கடுதாசி நீட்டுகிறார். நீதிமன்றம் அவர் சுமையை இறக்கி வைக்கிறது. மாணவனுக்கு அந்த வாசலும் படிப்படியாகச் சாத்தப்பட்டது. 1976-ஆம் ஆண்டுச் சட்டம், ஐந்தாண்டு கழியுமுன் கல்விக் கடனுக்கு அந்த நிவாரணம் கூடாது என்றது. 1998-இல் அந்த ஆண்டுக் கணக்கும் எடுபட்டது. தாங்கொணாத் துயரம் என மெய்ப்பித்தாலன்றி விடுதலை இல்லை என்றாயிற்று. 2005-இல், தனியார் தந்த கடனுக்கும் அதே காவல் கிடைத்தது. விளைவு? இன்று நான்கு கோடிக்கு மேற்பட்டோரின் தோள்களிலே, ஏறத்தாழ 1.7 லட்சம் கோடி டாலர் கடன்!

கடன் பெருகும் இடத்திலே கடைகள் முளைக்காமலிருக்குமா? கொரிந்தியன் என்றொரு கல்லூரிக் குழுமம். பங்குச் சந்தையிலே விலை கூறப்பட்ட நிறுவனம். வேலை கிடைக்கும் என்று பொய்க் கணக்குக் காட்டி ஏழைகளைச் சேர்த்தது, அவர்கள் பெயரால் வந்த அரசுக் கடனிலே கொழுத்தது, 2015-இல் கதவடைத்தது. கதவு மூடியது, கடன் மூடவில்லை. ஏமாற்றப்பட்டவர்கள், "கட்டமாட்டோம்" என்று அறிவித்துப் போராடினர். 2022-இல், 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடன் நீக்கப்படுவதாக அரசு அறிவித்தது. போராட்டம் வீண் என்போர் இதை எண்ணிப் பார்க்கட்டும். ஆனால், அதே ஆண்டு அனைவருக்குமாக அறிவிக்கப்பட்ட கடன் குறைப்புத் திட்டத்தை, 2023-இல் உச்சநீதிமன்றம், மூவர் மறுத்தும், அறுவர் தீர்ப்பால் வீழ்த்திற்று. மேலிருந்து வரும் சலுகை ஒரு தீர்ப்பிலே போய்விடும் என்பதையும் நாம் மறக்கலாகாது.

பணம் கட்டணத்தோடு நிற்பதில்லை, பாடத்துக்குள்ளும் நுழைகிறது. புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு, 2008-இல், பெருமுதலாளி சார்லஸ் கோச் பெயரிலமைந்த அறக்கட்டளை நன்கொடை தந்தது. தந்த பணத்திலே அமரவிருக்கும் பொருளாதாரப் பேராசிரியர் யாரெனப் பார்த்துச் சொல்லும் குழுவிலே, தன் கையும் இருக்கும்படி ஒப்பந்தம் செய்துகொண்டது. 2011-இல் செய்தி வெளியானதும் கண்டனம் எழுந்தது. கூலியின் நியாயம் பற்றி வகுப்பிலே பேச வேண்டியவரை, கூலி கொடுப்பவர் பொறுக்கி எடுத்தால், பாடம் எப்படியிருக்கும்?

"அது அமெரிக்கா, நமக்கென்ன?" என்பீர்களோ? 2016-ஆம் ஆண்டு, நம் நாட்டுப் பொதுத்துறை வங்கியொன்று, வாராக் கடனாகிவிட்ட கல்விக் கடன்களைத் தனியார் நிறுவனத்திடம் விற்றது. விலை என்ன தெரியுமா? கடன் தொகையிலே பாதிக்கும் குறைவு! பாதியை விட்டுக்கொடுக்க வங்கிக்கு மனமிருந்தது. ஆனால் மாணவனுக்கு அல்ல, அவனை விரட்டப்போகும் நிறுவனத்துக்கு! அந்தப் பாதியை நெசவாளி மகனுக்குத் தள்ளியிருந்தால், எந்தக் கஜானா காலியாகியிருக்கும்? 2017-இல், மத்திய அரசும் கனரா வங்கியும் சேர்ந்து, உயர்கல்வி நிதி முகமை ஒன்றைத் தொடங்கின. மானியம் பெற்றுக் கட்டடம் எழுப்பிய மத்தியக் கல்வி நிறுவனங்கள், அங்கே கடன் பெறலாயின. கல்லூரியே கடனாளியானால், அது யாரிடம் கை நீட்டும்? மாணவனிடம், அல்லது முதலாளியிடம்!

"படித்துப் பயன்பெறுபவன் பணம் கட்டட்டுமே" என்று வாதிடுவோர் உண்டு. மறுக்கவில்லை. வருவாய் வந்தபின் வரியாகக் கட்டட்டும், வசதிக்கேற்பக் கட்டட்டும். வருவாய் வருமுன்பே வட்டி கட்டு என்பதைத்தான் மறுக்கிறோம். மருத்துவர் படித்தால் பிழைப்பவன் நோயாளி. ஆசிரியர் படித்தால் உயர்பவன் ஊரார் பிள்ளை. பயன் பொதுவென்றால், செலவும் பொதுவல்லவா?

ஆகவே, பாசறையிலிருந்து ஊர் திரும்பும் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் தெருவிலே கல்விக் கடன் கட்ட முடியாமல் முகம் மறைத்து நடக்கும் வீடு எது என்று பாருங்கள். அது அவர்கள் தவறன்று என்று முதலில் சொல்லுங்கள். பிறகு தாள்களைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். வங்கிக்கு உடன் செல்லுங்கள். ஒரு வீட்டின் வெட்கம், பத்து வீட்டின் வழக்காகட்டும். பத்து வீட்டின் வழக்கு, சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் கேள்வியாகட்டும்.

என் தந்தையார் அந்தக் கடனைப் பதினோராண்டு நெய்து அடைத்தார். கடைசித் தவணை கட்டிய இரசீதை, மகனுடைய பட்டம் மாட்ட வேண்டிய ஆணியிலே குத்தி வைத்தார். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. இனி எந்த வீட்டு ஆணியிலும், பட்டம் இருக்க வேண்டிய இடத்திலே இரசீது தொங்கலாகாது, தோழர்களே! அதற்காகவே உழைப்போம்.