பந்தைக் காட்டிக் கூட்டிப் போகிறவர்கள்

(தம்பலகாமத்தில் நமது தோட்டப் பிள்ளைகளின் கரப்பந்து, உதைபந்தாட்டப் போட்டிகளுக்கு வந்திருந்த பெற்றோர் மத்தியில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



குளிருல கிடந்த நம்ம பிள்ளைகள் இந்த வெயிலிலும் ஓடி ஆடுவதைப் பார்க்க மனசு நிறைகிறது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு இறங்கி வன்னியிலும் இந்தத் திருகோணமலைப் பக்கத்திலும் குடியேறின நம் உறவுகள் சிலரும் இங்கே வந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

நான் பேச வந்தது விளையாட்டைப் பற்றி. ஆனால் யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பது அல்ல. "பையன் நல்லா ஆடுறான், வெளிநாட்டுக் கிளப்புல சேர்த்து விடுறேன்" என்று சொல்லிக்கொண்டு லயத்து வாசலுக்கு வருகிற ஆளைப் பற்றி.

2004ஆம் ஆண்டு செப்டெம்பரில் நடந்த ஒரு சங்கதியை முதலில் சொல்கிறேன். உங்களில் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இலங்கையின் தேசிய ஹேண்ட்போல் அணி என்று சொல்லிக்கொண்டு 23 பேர் ஜெர்மனிக்குப் போனார்கள். இது நாம் ஆடுகிற கரப்பந்து இல்லை. கையால் பந்தை எறிந்து கோல் போடுகிற வேறு ஆட்டம். பவேரியா மாநிலத்தில் விற்றிஸ்லிங்கன் என்ற சின்ன ஊரில் தங்கினார்கள். அந்த ஊர்க் கழகங்களோடு ஆடித் தோற்றார்கள். ஒருநாள் காலையில் பார்த்தால் ஒருவரும் இல்லை! உபசரிப்புக்கு நன்றி, பிரான்சுக்குப் போகிறோம் என்று ஒரு கடிதம் மட்டும் கிடந்தது. துவைக்கப் போட்ட உடுப்பைக்கூட விட்டுவிட்டுப் போயிட்டாங்க. அவர்கள் இத்தாலிப் பக்கம் போயிருக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். பிறகு விசாரித்தால், அந்தக் காலத்தில் இலங்கைக்கு அப்படி ஒரு தேசிய அணியே கிடையாது. இதை வைத்து 2008இல் 'மச்சான்' என்று ஒரு படமும் வந்தது. படம் பார்த்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தோற்றாலும் பரவாயில்லை என்று ஆடுகிற அணியை வேறு எங்கே பார்க்க முடியும்?

ஆனால் சிரிப்பு அடங்கின பிறகு ஒன்றை யோசிக்க வேணும். அந்த 23 பேரும் தெரிந்தே போனவர்கள். யாரும் அவர்களை ஏமாற்றவில்லை. களவாய் எல்லை தாண்டுவது ஒரு குற்றம். மனித வியாபாரம் என்பது அதைவிடப் பெரிய வேறு குற்றம். பொய் சொல்லியோ, பயம் காட்டியோ, கஷ்டத்தைப் பயன்படுத்தியோ ஒருவரைக் கொண்டுபோய், அவர் உழைப்பையோ உடம்பையோ சுரண்டுவதுதான் மனித வியாபாரம். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை என்றால், ஏமாற்றினார்கள் என்று காட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை. சுரண்டுவதற்காகக் கூட்டிக்கொண்டு போனாலே குற்றந்தான். நம் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் 360சி என்ற பிரிவு இதற்காகவே இருக்கிறது. 2006இல் அதைத் திருத்தி இன்னும் கடுமையாக்கினார்கள். இரண்டு வருஷத்திலிருந்து இருபது வருஷம் வரைக்கும் மறியல்.

இரண்டும் வேறு வேறு குற்றம் என்றாலும், ஒன்றிலிருந்து மற்றதுக்கு ஒரு எட்டுத்தான். களவாய்ப் போய் இறங்கினவன் விசா முடிந்தால் பொலிசுக்குப் போக மாட்டான். சம்பளம் கொடுக்காவிட்டாலும், அடித்தாலும் வாய் திறக்க மாட்டான். அது தெரிந்தவன்தான் அவனை வேலைக்கு வைக்கிறான்.

2022இல் பேர்மிங்ஹாம் நகரத்தில் பொதுநலவாய விளையாட்டுப் போட்டி நடந்தபோது நம் நாட்டு அணியிலிருந்து 10 பேர் காணாமல் போனார்கள். முதலில் மூன்று பேர் போனதுமே மற்றவர்களின் பாஸ்போட்டுகளை அதிகாரிகள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்படியும் போனார்கள். அவர்கள் உண்மையான வீரர்கள், போலி அணி இல்லை. அந்த வருஷம் நாடு இருந்த நிலை உங்களுக்குத் தெரியும். பெற்றோலுக்கும் காஸுக்கும் நாள் கணக்கில் வரிசை. அவர்களைத் திட்ட நான் வரவில்லை. ஆனால் அடுத்த முறை முறையாக ஓடி, முறையாகத் தெரிவாகி, விசா கேட்டு நிற்கிற ஏழைப் பிள்ளையிடம் ஒன்றுக்கு இரண்டு கேள்வி கேட்கத்தானே செய்வார்கள்?

இனி, உண்மையிலேயே ஏமாற்றப்பட்ட பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன். தாய்மார் இதைக் கவனமாகக் கேட்க வேணும்.

ஆபிரிக்காவில் லைபீரியா என்று ஒரு ஏழை நாடு. அங்கிருந்து உதைபந்தாட்டப் பள்ளி என்று சொல்லி, லாவோஸ் நாட்டில் சம்பாசாக் யுனைற்றட் என்ற கழகத்துக்குச் சின்னப் பையன்களைக் கொண்டு வந்தார்கள். இதை 2015இல் பி.பி.சி. வெளியே கொண்டு வந்தது. சம்பளம் தருவோம் என்று ஒப்பந்தம். கையில் காசு வரவில்லை. மைதானத்துக்குள்ளேயே ஒரு அறையில் பல பேரை ஒன்றாகப் படுக்க வைத்திருந்தார்கள். அந்தப் பள்ளி எங்கேயும் முறையாகப் பதிவானதும் இல்லை. அப்புறம் 2023 ஜூன் மாதம் போர்த்துக்கல் நாட்டில், ரிபா டி ஆவே என்ற ஊரில் இன்னொரு உதைபந்தாட்டப் பள்ளிக்குள் அதிகாரிகள் போனார்கள். அங்கிருந்து 47 பேரை மீட்டார்கள். அதில் 36 பேர் பதினெட்டு வயது ஆகாதவர்கள். பாஸ்போட்டுகளைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். காசும் கட்டி, பிள்ளையையும் கொடுத்த பெற்றோர்! ஐரோப்பாவில், எல்லாச் சட்டமும் இருக்கிற நாட்டில் இது நடந்திருக்கிறது. அரபு நாடானால்தான் ஆபத்து, வெள்ளைக்கார நாடானால் பயமில்லை என்று நம்மில் பல பேர் நினைக்கிறோம். அப்படி இல்லை.

இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். கட்டணம் வாங்கிறவனுக்குப் பிள்ளை நன்றாக ஆடுகிறானா இல்லையா என்பது முக்கியமே இல்லை. நூறு பிள்ளைகளிடம் வாங்கினாலே அவனுக்கு லாபம். அதில் ஒருவன் தப்பித் தவறித் தேர்வானால் அந்தப் படத்தைக் காட்டியே இன்னும் நூறு பேரைப் பிடிப்பான். தேர்வாகாதவன் அங்கேயே நிற்பான். திரும்பி வர டிக்கட் கிடையாது, விசா முடிந்திருக்கும், ஊரிலே கடன். வெறுங்கையோடு வந்து இறங்க வெட்கம் வேறு. அந்த நேரத்தில், "கடன் தீரும் வரைக்கும் இந்த வேலையைச் செய்" என்று ஒருவன் வருவான். கழுவுகிற வேலை, மூட்டை தூக்குகிற வேலை, சொல்ல முடியாத வேலையும் இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு என்ன நடக்கும் என்று நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கதை நமக்குப் புதுசா? தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லித்தானே நம் பாட்டன் பூட்டனைக் கூட்டி வந்தார்கள்? வந்த செலவெல்லாம் கடனாக எழுதப்பட்டது. இன்ன கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறோம் என்று தொரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அதற்குத் 'துண்டு' என்று பேர். அந்தத் துண்டு கைமாறக் கைமாற, மனுஷரும் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறினார்கள். கடன் மட்டும் குறையவில்லை. 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை ஒழித்தார்கள். இன்றைக்கு வருகிறவன் துண்டுக்குப் பதிலாகக் கழகத்தின் சின்னம் போட்ட கடிதம் கொண்டு வருகிறான். தாள் பளபளப்பாய் இருக்கிறது.

போன வருஷம் ஒரு அம்மா என்னிடம் வந்தார். பேரும் தோட்டமும் வேண்டாம். மகனுக்குப் பதினாறு வயது. உதைபந்தாட்டத்தில் கெட்டிக்காரன், நானே பார்த்திருக்கிறேன். வெளிநாட்டுக் கழகம் ஒன்று தெரிவுப் போட்டிக்குக் கூப்பிடுகிறதாம். இரண்டரை லட்சம் கட்ட வேணுமாம். தோடும் சங்கிலியும் அடகுக்குப் போய்விட்டது. மிச்சத்துக்குக் கடன் எடுக்க ஒரு கடிதம் எழுதித் தாங்க ஐயா என்று கேட்டார். தாளை வாங்கிப் பார்த்தேன். கழகத்தின் பேர் பெரிதாய் இருக்கிறது, விலாசம் இல்லை. மின்னஞ்சல் யாரும் இலவசமாய்த் திறக்கக்கூடியது. விசா சுற்றுலா விசா. பாஸ்போட்டை முகவரிடம் ஒப்படைக்க வேணும் என்று ஒரு வரி.

இது சரியில்லை அம்மா என்று சொன்னேன். அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க சொல்லி நான் நிறுத்தி, அது நெசமான சான்ஸாக இருந்தா, அப்புறம் அவன் கொந்தரப்புக்கு மருந்தடிக்கப் போகும்போது அவன் முகத்தை நான் எப்படிப் பார்க்கிறது?"

இந்தக் கேள்விக்கு நான் லேசாகப் பதில் சொல்லிவிட முடியாது. போகாதே என்று சொல்வது சுலபம். இங்கேயே இருந்தால் என்ன கிடைக்கும் என்று சொல்ல வேண்டுமே. அதனால் அன்றைக்கு நான் வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து விசாரித்தோம். பதினாறு வயது என்பதிலேயே பாதி விஷயம் தெளிந்துவிட்டது. உலக உதைபந்தாட்டச் சங்கமான ஃபீஃபாவின் 19ஆவது விதிப்படி, பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவனை ஒரு நாட்டுக் கழகத்திலிருந்து இன்னொரு நாட்டுக் கழகத்துக்கு மாற்ற முடியாது. சில விலக்குகள் உண்டு. பெற்றோர் வேறு காரணத்துக்காக அந்த நாட்டில் குடியேறியிருப்பது போன்றவை. லயத்தில் இருக்கிற நமக்கு அது எதுவும் பொருந்தாது. ஆக, பதினாறு வயதுப் பையனை வெளிநாட்டுக் கழகம் ஒப்பந்தம் செய்யப் போகிறது என்று சொல்கிறவனுக்கு ஒன்றில் விதி தெரியாது, அல்லது தெரிந்தே பொய் சொல்கிறான். அந்த அம்மா பணம் கட்டவில்லை. சங்கிலி மீள ஏழு மாதம் ஆனது. பையன் என்னோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அவனுக்கு நான் சொல்ல நினைத்த ஆள் ஒருவர் இருக்கிறார். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம். உயரத்தைப் பார்த்து ஊர் கேலி பேசுகிற நாட்டில், அந்த உயரத்தையே வைத்து வலைப்பந்தாட்டத்தில் தேசிய அணிக்கு வந்தார். 2009இலும் 2018இலும் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அணியில் இருந்தார். அவுஸ்திரேலியக் கழகத்திலும் ஆடினார். நாட்டுக்காக ஆடியதைக் கண்டு வந்த அழைப்பு அது. நேரான பாதை அப்படித்தான் இருக்கும். பாடசாலை, வலயம், மாகாணம், தேசியம் என்று படிப்படியாய் ஏற வேணும். அது நீளமான பாதை, மலையகப் பிள்ளைகளுக்கு இன்னும் நீளம். மைதானமே இல்லாத தோட்டங்கள் எத்தனை! அதை மாற்றாமல் பிள்ளைகளுக்குப் பொறுமையைப் போதிப்பது அவ்வளவு நியாயமாக எனக்குப் படவில்லை. இதை என் மேலிடத்திலும் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

சரி, கடிதம் ஒன்று கைக்கு வந்தால் என்ன செய்வது? நாட்டின் பேரில் ஒரு அணி வெளிநாடு போகிறதென்றால், 1973ஆம் ஆண்டு 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ் விளையாட்டுத்துறை அமைச்சரின் அனுமதி வேணும். அந்தந்த விளையாட்டுக்கு உள்ள சங்கத்தைக் கேட்டாலே அப்படி ஒரு பயணம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். உதைபந்தாட்ட முகவர் என்றால் ஃபீஃபாவின் அனுமதிப்பத்திரம் இருக்க வேணும். அந்தப் பேர்ப் பட்டியலை யாரும் பார்க்கலாம், படித்த பிள்ளையின் கைபேசியே போதும். வேலைக்கு என்று சொன்னால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்த முகவரா என்று கேளுங்கள். 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சொல்வார்கள். பிரதேச செயலகத்திலும் அதற்கென்று உத்தியோகத்தர் இருக்கிறார். பிள்ளை சம்பந்தப்பட்டதென்றால் 1929, அவசரமென்றால் பொலிசுக்கு 119.

பாஸ்போட்டைப் பிள்ளையே வைத்திருக்க வேணும், அல்லது நீங்கள். வேறு யாரும் இல்லை. போட்டோ எடுத்து வீட்டிலும் ஒன்று வையுங்கள். விளங்காத பாஷையில் இருக்கிற தாளில் கைநாட்டோ கையெழுத்தோ போடாதீர்கள். "நாளைக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும்" என்று அவசரப்படுத்தினால், போகட்டும் என்று சொல்லுங்கள். நல்ல கழகம் ஒரு கிழமை பொறுக்கும். வீட்டுக்குள் பேசுகிற பேச்சும் முக்கியம். போன பிள்ளை அழைத்து, "அம்மா, இங்கே சரியில்லை" என்று சொன்னால், "எவ்வளவு கடன் பட்டு அனுப்பினோம் தெரியுமா" என்று ஆரம்பிக்காதீர்கள். எங்கே இருக்கிறாய், சாப்பிட்டாயா, பாஸ்போட் யாரிடம் என்று கேளுங்கள். அந்த நாட்டில் இருக்கிற இலங்கைத் தூதரகத்தின் இலக்கத்தைப் பயணம் போகும் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கடன் பேச்சை, அவன் வந்து சேர்ந்த பிறகு பேசலாம்.

இப்போது மைதானத்தில் பெண் பிள்ளைகளின் ஆட்டம் ஆரம்பிக்கப் போகிறது, விசில் ஊதிவிட்டார்கள். கையில் இப்படி ஏதாவது கடிதம், வட்சப்பில் வந்த தகவல், முகவர் கொடுத்த தாள் வைத்திருக்கிறவர்கள் சாப்பாட்டு நேரத்தில் அந்த வேப்பமரத்தடிக்குக் கொண்டு வாங்க. ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம். ஏற்கெனவே காசு கட்டினவர்களும் வெட்கப்படாமல் வரலாம். ரசீது இருந்தால் அதையும் எடுத்து வாங்க.