கப்பலேறும் முன்பே காப்பீடு

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், கோந்த்வாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடைகளில் இலக்கியம் பேசுவதே வழக்கம். இம்முறை செயற்குழுவினர் எனக்கு வேறொரு பொருளைப் பணித்திருக்கின்றனர். அறுபதாம் கல்யாணத்தை முன்னிட்டும், பணி ஓய்வை முன்னிட்டும் பெற்றோரைக் கப்பற் சுற்றுலாவுக்கு அனுப்பிவைக்கும் பழக்கம் நம் குடியிருப்புகளிலும் பரவி வருகின்றது. மும்பையினின்று கோவாவுக்கும் இலட்சத்தீவுக்கும் செல்வோர் உளர். சிங்கப்பூர் வரை விமானத்தில் சென்று அங்கே கப்பலேறுவோரும் உளர். இத்தகைய பயணத்துக்குரிய காப்பீட்டை எப்பொழுது வாங்குவது, எவ்வாறு வாங்குவது என்பதை விளக்க வேண்டும் என்பது அவர்கள் கட்டளை. இன்ஷூரன்ஸ் என்ற சொல் காதில் விழுந்தவுடன், ஏஜண்டு ஒருவர் மேடையேறிவிட்டார் என்று எண்ணிப் பின்வரிசையினர் சிற்றுண்டிப் பந்தியை நோக்கி நகர வேண்டாம். நான் எந்தக் கம்பெனிக்கும் ஏஜண்டு அல்லேன்.

கடல் நமக்குப் புதிதன்று. 1926-ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ என்னும் கப்பல் 1973 வரையில் ஓடியது. சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நம்மவரைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த கப்பல் அது. அதன் பின்னர் ஓடிய ‘எம்.வி. சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் கடலில் தீப்பற்றியது; உயிர்கள் பல மாண்டன; அத்துடன் அக்கப்பலின் வாழ்வும் முடிந்தது. அவற்றில் ஏறியவர்கள் பிழைப்பை நாடி ஏறியவர்கள். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்த அவர்களிடம் காப்பீட்டுப் பத்திரமும் இல்லை. ஆறு மாதங்களுக்கு முன்பே கட்டிவைத்த முன்பணமும் இல்லை. இன்று நாம் ஏறுவதோ உல்லாசக் கப்பல். பணத்தை முன்னதாகவே கட்டிவிட்டு, பின்னர் வரப்போகும் நாளுக்குக் காத்திருக்கின்றோம். பணம் போன நாளுக்கும் கப்பல் புறப்படும் நாளுக்கும் இடையே உள்ள அந்தக் காலத்தைத்தான் நம்மவர் மறந்துவிடுகின்றனர்.

காப்பீடு பிறந்து வளர்ந்ததே கடலோரத்தில்தான். இலண்டன் மாநகரில், 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில், எட்வர்டு லாயிட் என்பவர் ஒரு காப்பிக் கடை வைத்திருந்தார். மாலுமிகளும் கப்பல் முதலாளிகளும் வணிகர்களும் அங்கே கூடினர். எக்கப்பல் எத்துறையை அடைந்தது, எது வரவில்லை என்ற செய்திகள் அங்கே முதலில் வந்தன. அச்செய்திகளைச் சுற்றியே காப்பீட்டு வாணிபம் தழைத்தது. இன்றுள்ள லாயிட்ஸ் என்ற பெருஞ்சந்தை அந்தக் காப்பிக் கடையின் வழித்தோன்றல்தான். கப்பல் மூழ்கிய செய்தியை அறிந்த பின் அதற்குக் காப்பீடு எடுத்தவனுக்கு ஒரு காசும் கிடையாது என்பது அவ்வாணிபத்தின் ஆணிவேரான விதி. நடந்தது நடவாதது தெரியாத நிலையில் செய்யும் ஒப்பந்தமே காப்பீடு; தெரிந்த பின் செய்வது வேறு பெயருக்கு உரியது.

மூன்று நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் இவ்விதி அப்படியே நிற்கின்றது. 2020 பிப்ரவரியில், ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் ‘டயமண்ட் பிரின்சஸ்’ கப்பல் நிறுத்திவைக்கப்பட்டதை நாம் அறிவோம். அதில் இருந்தோர் 3,711 பேர். அவர்களுள் இந்தியர் 138 பேர். அந்த 138-இல் 132 பேர் கப்பற் பணியாளர்கள். தமிழகத்துப் பிள்ளைகளும் அவர்களிடையே இருந்தனர். எழுநூறுக்கு மேற்பட்டோரைக் கொரோனா பற்றியது. அந்நாட்களில் அவசரம் அவசரமாகப் பயணக் காப்பீடு வாங்கப் புறப்பட்டவர்கள் உலகெங்கும் உண்டு. ஆனால் அமெரிக்க நிறுவனங்கள் பலவும் 2020 ஜனவரிப் பிற்பகுதியையே எல்லையாக வகுத்துவிட்டன. அதற்குப் பின் வாங்கிய பத்திரத்துக்குக் கொரோனா ‘முன்பே அறிந்த இடர்’ ஆகிவிட்டது. புயலுக்கும் இதுவே முறை. வானிலை ஆய்வு நிலையத்தார் புயலுக்குப் பெயர் சூட்டி அறிவித்த பின் காப்பீடு வாங்கினால், அந்தப் புயலால் நேரும் இழப்புக்கு அது பயன்படாது.

ஆகவே, பயணத்துக்கு முந்திய நாள் மாலை, பெட்டி கட்டும் வேளையில், ‘அடடா, இன்ஷூரன்ஸ்!’ என்று கைப்பேசியைத் தேடுவது பாதிப் பயனை இழப்பதாகும். மருத்துவச் செலவுக்கான காப்பு புறப்பட்ட பின்னரே தொடங்குகின்றது. அதற்கு முந்திய நாள் வாங்கினாலும் கிடைக்கும். பயண ரத்துக்கான காப்போ பத்திரம் வாங்கிய நாளினின்று தொடங்குகின்றது. கப்பல் நிறுவனங்களின் ரத்து விதிகளைப் பாருங்கள்: நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் ஏறிக்கொண்டே போகும், இறுதி நாட்களில் முழுத் தொகையும் போய்விடும். இரண்டு மாதங்களுக்கு முன் பாட்டி கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் கட்டிய அன்றே ரத்துப் பிரிவு உள்ள பத்திரம் வாங்கியிருந்தால் அக்குடும்பம் கேட்டுப் பெறும். வாங்கவில்லையேல் மருத்துவமனைக் கட்டணத்தோடு கப்பற் கட்டணமும் நட்டம். எத்தனை நாள் முன்னதாகப் பத்திரம் தருவார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஏற்கும் முதல் நாளிலேயே வாங்குவது நலம்.

ரத்துப் பிரிவு என்றால் எக்காரணத்துக்கும் பணம் திரும்பும் என்று கொள்ள வேண்டாம். நோய், மரணம், இயற்கைச் சீற்றம் போன்றவற்றைப் பெயர் சொல்லிக் குறித்திருப்பார்கள். அலுவலகத்தில் விடுமுறை கிடைக்கவில்லை, சம்பந்தி வீட்டாருடன் மனத்தாங்கல் வந்துவிட்டது என்பன அப்பட்டியலில் பெரும்பாலும் இரா.

கப்பல் நிறுவனமே கவிழ்ந்துவிட்டால்? இதுவும் நம் மும்பைத் துறையில் நடந்ததே. 2019-இல் மும்பையினின்று ‘கர்ணிகா’ என்னும் உல்லாசக் கப்பல் ஆரவாரத்துடன் ஓடத் தொடங்கியது. மறு ஆண்டே கொரோனாவால் தொழில் நின்றது, நிறுவனம் மூடப்பட்டது, கப்பல் குஜராத்தின் அலங்கு கடற்கரையில் உடைக்கப்படச் சென்றது. நிறுவனம் நொடித்துப்போனால் பணம் தரும் பிரிவு எல்லாப் பத்திரங்களிலும் இல்லை. கேட்டு வாங்க வேண்டும். கப்பல் நிறுவனமே விற்கும் காப்புத் திட்டத்தை வாங்குவோர் இதை இன்னும் கூர்ந்து நோக்க வேண்டும். விற்றவரே வீழ்ந்த பின் யாரிடம் போய் நிற்பது? அவர்கள் திட்டங்கள் சிலவற்றில் ரொக்கத்துக்குப் பதில் அடுத்த பயணத்துக்கான கழிவுச் சீட்டே கிட்டும்.

எல்லோரும் எல்லாப் பயணத்துக்கும் பெருங்காப்பீடு வாங்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டா என்பேன். உடல் நலமுள்ள இளந்தம்பதியர் இரண்டிரவு கோவா சென்று திரும்புகின்றனர், கட்டணமும் தாங்கக்கூடியது, இந்தியாவுக்குள் செல்லுபடியாகும் மருத்துவக் காப்பீடும் கையில் இருக்கின்றது. அவர்கள் ரத்துப் பிரிவின்றிப் போனால் குடி முழுகிவிடாது. வயதானவர்கள் செல்வதாயினும், அயல்நாட்டுத் துறைமுகம் குறுக்கிடுவதாயினும் கணக்கு மாறுகின்றது. 2023 ஜூன் 5 அன்று சென்னையினின்று ‘எம்பிரஸ்’ கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்குப் புறப்பட்டது. சென்னையில் ஏறிச் சென்னையில் இறங்குவதால் அதை உள்நாட்டுப் பயணம் என்று கருதினால் பிழை. நாம் ஆண்டுதோறும் கட்டிவரும் மெடிக்ளைம் பத்திரங்களில் பெரும்பாலானவை இந்திய எல்லைக்குள் மட்டுமே உதவுவன.

கப்பலில் மருத்துவர் இருப்பார்; ஆனால் இலவச மருத்துவர் அல்லர். அவர் பார்ப்பதற்கும், தருகின்ற மருந்துக்கும், ஏற்றுகின்ற குளுக்கோசுக்கும் அறைக் கணக்கில் பற்று எழுதப்படும். பல கப்பல்களில் டாலரில். அதை இறங்குமுன் நாமே கட்டிவிட்டு, இரசீதைக் கொண்டுவந்து பின்னர் காப்பீட்டு நிறுவனத்திடம் பெற வேண்டியிருக்கும். மாரடைப்புப் போன்ற பெருநோய்க்குக் கப்பலில் முதலுதவியும் நிலைப்படுத்தும் சிகிச்சையுமே இயலும். பின்னர் அடுத்த துறையில் இறக்குவார்கள். கரை எட்டும் தொலைவில் இருந்தால் ஹெலிகாப்டரும் வரலாம். பெருஞ்செலவு அங்கேதான். எனவே பத்திரத்தைப் பார்க்கும்போது பெட்டி தொலைந்தால் எவ்வளவு என்ற வரியைக் கடைசியில் பாருங்கள். அவசர மருத்துவ இடமாற்றம் என்ற வரியை முதலில் பாருங்கள். ஐரோப்பியக் கப்பற் பயணத்துக்கு ஷெங்கன் விசா கோரும் 30,000 யூரோ மருத்துவக் காப்பு விசாவுக்கான குறைந்த அளவேயன்றி, போதுமான அளவு என்று எவரும் சான்று தரவில்லை. அறுபது கடந்தவர்களுக்குப் பத்திரத்தின் முகப்பில் பெருந்தொகை எழுதியிருந்தாலும், அறை வாடகைக்கு இவ்வளவு, அறுவைக்கு இவ்வளவு என்று உள்ளே வரம்பு கட்டும் பத்திரங்கள் உண்டு. பொடி எழுத்தில் இருக்கும். மூக்குக் கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டும்.

இனி, எவ்வாறு வாங்குவது என்பதில் தலையாய செய்தி. 1760-இல், சுமத்திராத் தீவின் பென்கூலன் நகரில் இருந்த மார்ல்பரோ கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். அக்கோட்டையின் ஆளுநராயிருந்த கார்ட்டர் என்பவர், பகைவரால் கோட்டை பறிபோனால் பணம் பெறுமாறு இலண்டனில் காப்பீடு செய்திருந்தார். பணம் கேட்டபோது, கோட்டையின் வலுவின்மையை அவர் மறைத்தார் என்று காப்பீட்டாளர் மறுத்தார். 1766-இல் மான்ஸ்ஃபீல்டு பிரபு வழங்கிய தீர்ப்பு ஆளுநருக்குச் சாதகமாயிற்று. ஊரறிந்த உண்மையைக் காப்பீட்டாளர் தாமே அறிந்திருக்க வேண்டும். ஒருவர் தமக்குள் மட்டும் அறிந்திருக்கும் உண்மையை மறைத்தலோ ஒப்பந்தத்தைக் குலைத்துவிடும் என்பது அத்தீர்ப்பின் சாரம். நம் நாட்டின் 1963-ஆம் ஆண்டுக் கடற்காப்பீட்டுச் சட்டமும், கடற்காப்பீடு முழு நல்லெண்ணத்தின் மீது நிற்கும் ஒப்பந்தம் என்றே கூறுகின்றது.

சுமத்திராக் கோட்டைக்கும் கோந்த்வா அடுக்ககத்துக்கும் என்ன உறவு என்பீர்கள். அப்பாவின் சர்க்கரை நோயும் அம்மாவின் இரத்த அழுத்தமும் ஊரறிந்த செய்தி அல்லவே. வீட்டார் மட்டும் அறிந்தவை. மகன் அலுவலகத்தில் உணவு இடைவேளையில் கைப்பேசியில் படிவம் நிரப்புகின்றான். ‘ஏற்கெனவே உள்ள நோய் ஏதேனும் உண்டா?’ என்ற வினாவுக்கு, ‘இல்லை’ என்று தொட்டால் பிரிமியம் சில நூறு ரூபாய் குறைகின்றது. தொட்டுவிடுகின்றான். கடலில் அப்பாவுக்கு மயக்கம் வருகின்றது. கப்பல் மருத்துவரிடம் அவர் முதன்முதலாகச் சொல்லும் வாக்கியம், ‘எனக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை’ என்பதே. மருத்துவர் அதை எழுதிக்கொள்கின்றார். அந்தத் தாள்தான் பின்னர் காப்பீட்டு நிறுவனத்தின் மேசைக்குப் போகின்றது. சில நூறு ரூபாய் மிச்சம். சில இலட்சம் நட்டம். படிவத்தை நிரப்பும்போது பெற்றோரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, மாத்திரை டப்பாவையும் மேசைமேல் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். நோயைச் சொன்னால், உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டும் பணம் தருவோம் என்று சில பத்திரங்கள் கூறும். கூடுதல் பிரிமியத்துக்கு விரிவான காப்புத் தருவனவும் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டு வாங்கலாம்.

பூனாவாசிகளுக்கென்றே ஒரு செய்தி. கப்பல் யாருக்காகவும் காத்திராது. மும்பை பல்லார்டு பியருக்கு நாம் செல்லும் வழியில் கண்டாலாக் கணவாய் இருக்கின்றது. மழைக்காலத்தில் மண் சரிவதும், விடுமுறை நாட்களில் வண்டிகள் மைல் கணக்கில் நிற்பதும் நாம் காணாதன அல்ல. கப்பலைத் தவறவிட்டதற்குப் பணம் தரும் பிரிவு பலவும் விமானம், இரயில் போன்ற பொதுப் போக்குவரத்தின் தாமதத்தையே ஏற்கின்றன. சொந்தக் காரில் நெரிசலில் சிக்கியதை ஏற்பது அரிது. இதற்கு நல்ல காப்பீடு முந்திய நாளே மும்பை சென்று உறவினர் வீட்டில் தங்குவது. மாட்டுங்காவில் உறவினர் இல்லாத தமிழ்க் குடும்பம் எது?

துறைமுகம் மாறுவதும் உண்டு. 2022 ஜனவரித் தொடக்கத்தில் மும்பையினின்று கோவா சென்ற ‘கோர்டீலியா’ நிறுவனக் கப்பலில் 66 பேருக்குக் கொரோனா கண்டு, அது மும்பைக்கே திரும்பியது. அவ்வாண்டு ஜூனில் அந்நிறுவனக் கப்பலுக்குப் புதுவை அரசு அனுமதி தராமையால், பயணிகள் புதுச்சேரியில் இறங்காமலே சென்னை மீண்டனர். வழியை மாற்றும் உரிமையைப் பயணச் சீட்டின் நிபந்தனைகளிலேயே கப்பல் நிறுவனங்கள் தமக்கு ஒதுக்கிக்கொள்கின்றன. தவறிய துறைக்கு ஒரு சிறு தொகை தரும் பிரிவு சில பத்திரங்களில் உண்டு. அதற்காக அதிகம் செலவிட வேண்டியதில்லை. நகைக்கும் ரொக்கத்துக்கும் பயணப் பெட்டிக் காப்பீடு பொதுவாக உதவாது. தாய்மார்கள் காசுமாலையை வங்கிப் பெட்டகத்திலேயே விட்டுச் செல்க.

இழப்பு நேர்ந்தால், பத்திரத்தில் உள்ள உதவித் தொலைபேசி எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். மருத்துவர் குறிப்பு, பணம் கட்டிய இரசீது, கப்பல் அலுவலகத்தின் கடிதம் ஆகியவற்றைக் கப்பலைவிட்டு இறங்குமுன் கேட்டு வாங்கிவிடுக. ஊர் திரும்பிய பின் அவற்றைப் பெறுவது குதிரைக்கொம்பு. நியாயமான கோரிக்கையை நிறுவனம் மறுத்தால் முதலில் அந்நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிடுக. ஒரு மாதத்துக்குள் விடை வராவிட்டாலும், வந்த விடை நிறைவு தராவிட்டாலும், ஓராண்டுக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் செல்லலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் வேண்டா. அவ்வலுவலகம் தொலைவில் இல்லை. நம் பூனாவிலேயே, நாராயண் பேட்டையில் இருக்கின்றது. விண்ணப்பம் எழுதுவதில் மொழித் தடை உள்ள மூத்தோர்க்கு, ஞாயிறுதோறும் சங்க அலுவலகத்தில் அமர்ந்து எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கின்றேன். பத்திரத்தையும் இரசீதுகளையும் மறவாமல் கொண்டுவருக.