தண்ணீர் பில்லைப் படித்துச் சொன்னவர்



அரசியல் ஆலோசகர் என்றதும் பலருக்குப் பிரசாந்த் கிஷோர்தான் நினைவுக்கு வருவார். 2021-ல் தமிழ்நாட்டில் திமுகவுக்குத் தேர்தல் உத்தி வகுத்துக் கொடுத்தது அவருடைய நிறுவனம். கணினி, கருத்துக்கணிப்பு, கோஷம், கட்டணம் என்று அது ஒரு தொழில். அதைக் காட்டித்தான் எதிரணி நண்பர்கள், "ஆலோசகருக்கும் சமூகத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதிலுக்குக் கொஞ்சம் கிள்ளான் பக்கம் போய் வர வேண்டும்.

சார்லஸ் சந்தியாகோ, பொருளாதார ஆய்வாளர். உலகமயமாக்கலின் விளைவுகளைக் கண்காணிக்கும் ஆய்வு அமைப்பு ஒன்றை நடத்தி வந்தவர். பெரிய ஒப்பந்தங்களில் என்ன எழுதியிருக்கிறது, அதனால் சாதாரணக் குடும்பத்தின் செலவு எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அவர் வேலை. தேர்தலில் நிற்பதற்கு முன்பே, தண்ணீர் தனியார்மயத்தை எதிர்த்த கூட்டணியின் ஒருங்கிணைப்பாளராக அவர் இருந்தார்.

2005 ஜனவரி 1-ஆம் தேதி சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா மூன்றுக்குமான நீர் விநியோகம் 30 ஆண்டு ஒப்பந்தத்தில் சபாஸ் என்ற நிறுவனத்திடம் போனது. மலாய் மொழியில் அந்தச் சொல்லுக்குச் சபாஷ் என்றே பொருள். ஆனால் 2006-ல் கட்டணம் 15 விழுக்காடு ஏறியபோது சபாஷ் போட யாரும் முன்வரவில்லை!

ஏன் ஏறியது? கசிந்து வீணாகும் நீரைக் குறைத்தால் கட்டணத்தை உயர்த்தலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது என்றார்கள். சரி, அந்த ஒப்பந்தத்தைக் காட்டுங்கள், கசிவு குறைந்ததற்கான தணிக்கை அறிக்கையைக் காட்டுங்கள் என்று மக்கள் கேட்டார்கள். அது அரசாங்க இரகசியம் என்று பதில் வந்தது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மளிகைக் கடையில் விலை ஏறினால் காரணம் கேட்கலாம். வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீருக்குக் கேட்கக்கூடாதாம்! மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் நீதிமன்றம் போனது. 2010-ல் உயர் நீதிமன்றம் ஆவணங்களைக் காட்டச் சொன்னது. மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. 2014-ல் கூட்டரசு நீதிமன்றத்திலும் பலன் கிடைக்கவில்லை.

இதற்கிடையே 2008 மார்ச் பொதுத் தேர்தல் வந்தது. ஜனநாயக செயல் கட்சியின் வேட்பாளராகக் கிள்ளானில் நின்று சந்தியாகோ வென்றார். சிலாங்கூரில் ஆட்சி மாறியது. அந்த ஜூன் மாதத்திலிருந்து வீட்டுக்கு மாதம் 20 கன மீட்டர் நீர் இலவசம் என்று மாநில அரசு அறிவித்தது. பணமாகச் சொன்னால் 11 ரிங்கிட் 40 சென். முடிவு மாநில அரசுடையது. அதை ஒரு தனி மனிதரின் சாதனையாக எழுதி வைக்க வேண்டியதில்லை. ஆனால் தண்ணீர் பில் ஒரு தேர்தல் பேச்சாக மாறியதே, அதற்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் அதைப் படித்துப் படித்துச் சொன்னவர்கள் இருந்தார்கள். 2009-ல் வரவிருந்த 37 விழுக்காடு உயர்வுக்கு மாநிலம் இடம் கொடுக்கவில்லை. இழுபறி நீண்டு, 2019-ல்தான் மாநிலத்தின் நீர் சேவை முழுவதும் ஆயர் சிலாங்கூர் நிறுவனத்தின் கீழ் ஒன்றுசேர்ந்தது.

2013, 2018 தேர்தல்களிலும் கிள்ளான் மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். ஆலோசகராக இருக்கும்வரை அறிக்கையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். நாடாளுமன்ற உறுப்பினர் ஆனபின் அது நடக்காது. சேவை மையத்துக்கு வருகிறவர் நீல அடையாள அட்டை இல்லை என்று வருவார், பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை என்று வருவார். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கியபோது ஆய்வறிக்கை கேட்டு யாரும் வரவில்லை; படகும் சாப்பாடும் கேட்டார்கள்.

பிறகு 2022 தேர்தலில் கட்சி அவருக்கு இடம் தரவில்லை. கணபதிராவ் நிறுத்தப்பட்டு வென்றார். மூன்று முறை வென்ற தொகுதி, ஒரு பட்டியலில் பெயர் இல்லை என்றதும் கைவிட்டுப் போனது. எந்தக் கட்சியிலும் நடப்பதுதான். ஆனாலும் கிள்ளானில் பலருக்கு அது வருத்தம்.

அந்தத் தேர்தலுக்குப் பிறகு அவருக்கு வேறொரு நாற்காலி வந்தது. ஸ்பான் என்கிற தேசிய நீர்ச் சேவை ஆணையத்தின் தலைவர் பதவி. தண்ணீர் கட்டணத்தை எதிர்த்துத் தெருவில் நின்றவர், அதைக் கண்காணிக்கும் இடத்தில் உட்கார்ந்தார். எதிரணி நண்பர்கள் இப்போது சிரிப்பார்கள், ஏனென்றால் 2024 பிப்ரவரியில் தீபகற்பத்திலும் லாபுவானிலும் வீட்டுக் கட்டணம் சராசரியாகக் கன மீட்டருக்கு 22 சென் ஏறியது. அதை அறிவித்ததும் அதே ஆணையம்தான்!

சிரிக்கட்டும். கணக்கையும் பார்க்கட்டும். சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் முதல் 20 கன மீட்டருக்கு விலை 57 சென்னிலிருந்து 65 சென் ஆனது. அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளும் வீட்டுக்கு மாதம் 1 ரிங்கிட் 60 சென் கூடுதல். 35 கன மீட்டரைத் தாண்டிச் செலவழிக்கும் வீட்டுக்கோ 2 ரிங்கிட்டிலிருந்து 2 ரிங்கிட் 63 சென். அதிகம் செலவழிப்பவருக்குத்தான் அதிக ஏற்றம். உற்பத்திச் செலவுக்கும் கீழே தண்ணீர் விற்றால் பழைய குழாயை மாற்றப் பணம் எங்கிருந்து வரும் என்று ஆணையம் கேட்டது. நியாயமான வாதம்தான். அதே வாதத்தை 2006-லும் கேட்டிருக்கலாம். அன்று ஒப்பந்தம் பூட்டிய அலமாரியில் இருந்தது.

ஆனால் கேட்க வேண்டியது ஒன்று மீதி இருக்கிறது. சிலாங்கூரின் இலவசத் தண்ணீர், மாநில அரசின் திட்டம். 2020 மார்ச்சிலிருந்து அது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் என்று சுருங்கியது. கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம் என்பதால் அங்கே அது தொடக்கத்திலிருந்தே இல்லை. கிள்ளானில் இருப்பவருக்கும் பிரிக்பீல்ட்ஸில் இருப்பவருக்கும் தண்ணீர் தருவது ஒரே நிறுவனம், கட்டணப் பட்டியலும் ஒன்றுதான். பாட்டுப்பள்ளியும் பூக்கடையுமாக நெருக்கி நிற்கும் பிரிக்பீல்ட்ஸின் சின்ன வீட்டில், அதே ஏழைத் தாய்க்குச் சிலாங்கூரின் அந்தச் சலுகை இல்லை. கிள்ளானில் பில்லைப் படித்துச் சொல்ல ஒருவர் கிடைத்தார். பிரிக்பீல்ட்ஸ் பில்லை எடுத்துக்கொண்டு யார் வருகிறார்கள் என்று எதிரணி சொல்லட்டும்.