ஆற்றங்கரையில் போன பார்வை

மேற்கு ஆப்பிரிக்காவில் வோல்டா ஆற்றுப் பள்ளத்தாக்கு நன்றாக விளையும் பூமி. அப்படியிருந்தும் ஒரு காலத்தில் சனங்கள் ஊரையே காலி செய்துவிட்டுப் போனார்கள். ஆற்றுக் குருடு என்கிற நோய்தான் காரணம்.

வேகமாக ஓடுகிற தண்ணீரில் முட்டையிடும் சின்னக் கறுப்பு ஈ ஒன்று உண்டு. அது கடிக்கும்போது புழுக்குஞ்சு உடம்புக்குள் இறங்கிவிடும். வளர்ந்த புழு தோலுக்கடியில் முடிச்சாகச் சுருண்டு பத்து வருஷத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். அது ஈனும் குஞ்சுகள் கண்வரை ஊர்ந்து போகும். அங்கே அவை சாகச் சாக, கருவிழி புண்ணாகித் தழும்பேறி வெளுத்துவிடும். அப்படிப் போன பார்வை திரும்பாது.

ஜப்பானில் விஞ்ஞானி சதோஷி ஓமுரா சேகரித்த மண்ணிலிருந்த நுண்ணுயிர்தான் இந்த நோய்க்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் மருந்துக்கு மூலம். தேவைப்படும்வரை இலவசம் என்று 1987இல் மெர்க் நிறுவனம் அறிவித்தது. ஆளின் எடைக்கேற்பத்தான் மாத்திரை; கிராமத்தில் எடை பார்க்க மெஷினுக்கு எங்கே போவது? கோடு போட்ட கழியை நட்டு, ஆளின் உயரத்தைப் பார்த்து மாத்திரையை எண்ணிக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களும் அந்தந்த ஊர்க்காரர்களே. மருந்தைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஏனென்றால் மாத்திரை குஞ்சுகளைத்தான் கொல்லும், தாய்ப்புழு சாகாது. வருஷா வருஷம் விடாமல் விழுங்க வேண்டும்.

2013இல் கொலம்பியா இந்த நோயிலிருந்து விடுபட்டது. ஆப்பிரிக்காவில் முதல் நாடாக நைஜர், 2025இல்.