மாலை போட்ட பிறகு

(தோட்டத் தொழிலாளர் சங்கக் கிளையொன்றில், துன் சம்பந்தன் நினைவு நாளன்று ஆற்றிய உரை)



துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் படத்துக்கு மாலை சூட்டிவிட்டோம். 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்து, 1979 மே 18இல் மறைந்த அப்பெருமகனார் வகித்த பதவிகளை எனக்கு முன் பேசியவர்கள் வரிசையாகச் சொன்னார்கள். அவற்றை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. அவர்கள் நம்மிடம் கேட்ட பத்து வெள்ளியைப் பற்றிப் பேசவே வந்தேன்.

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று சொன்னாலே பெரியவர்களுக்கு இன்றும் வயிறு கலங்கும். வேலை மட்டுமா போயிற்று? குடியிருந்த லயம் போயிற்று. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போயிற்று. மாரியம்மனுக்கு விளக்கேற்ற ஆளில்லாமல் போயிற்று.

அந்த வேளையில்தான், 1960இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அந்தக் காலத்தில் பத்து வெள்ளி ஒரு நாள் கூலியில் அடங்கும் தொகையன்று. இருந்தும் கட்டினார்கள். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. வெட்டுக்கத்தி பிடித்த கைக்குத் தோட்டத்தில் பங்கு வந்தது!

இத்தனைக்கும் சம்பந்தன் அவர்கள் தோட்டம் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. அதைக் குறையாகச் சொல்வோர் நம் சங்கத்திலேயே உண்டு. அவருடைய அரசியலை எல்லோரும் ஏற்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிப் பேசினார்களே, அந்த அலைச்சலை யார் மறுக்க முடியும்?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். தலைவர் பேசிவிட்டுப் போன பிறகு, எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பாரம் எழுதியது யார்? மாதா மாதம் நினைவூட்டியது யார்? எழுத்தறிந்த ஒரு கிராணியோ வாத்தியாரோ, மாலை நேரத்தில் கூலி வாங்காமல் செய்த வேலை அது. அவர்கள் படம் எந்தச் சுவரிலும் இல்லை.

அந்த வேலை இன்றும் பாக்கியிருக்கிறது. இந்நாட்டிலேயே பிறந்து, முதுகு வளையும் வரை பால் வெட்டிவிட்டு, இன்னமும் சிவப்பு அடையாளக் கார்டோடு இருக்கும் பாட்டிமார்கள் உண்டு. பிறப்புப் பத்திரம் இல்லாததால் பள்ளி வாசலில் தயங்கி நிற்கும் பிள்ளைகள் உண்டு. 1951இலிருந்து சேமநிதி இருக்கிறது. ஆனால் வாரிசு பெயரை எழுதிக் கொடுக்காமலே கண்ணை மூடிவிடுகிறார்கள். பிறகு அந்தப் பணத்துக்காக விதவை படியேறி இறங்குகிறாள். கூட்டுறவுப் பங்குச் சான்றிதழோ தகரப் பெட்டியின் அடியில் கிடக்கிறது. அது இன்னதென்று பேரப்பிள்ளைக்குத் தெரியாது.

இவற்றுக்கெல்லாம் மந்திரி வர வேண்டியதில்லை. பாரங்கள் மலாயில் இருக்கின்றன. நம் பிள்ளைகள் மலாயில் நன்றாக எழுதுகிறார்கள். பாட்டியைப் பதிவு இலாகாவுக்கு அழைத்துப் போக ஒரு மோட்டார் சைக்கிள் போதும். வரிசையில் கூட நிற்கப் பொறுமை வேண்டும். ஒரு தடவையில் முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் தடவையும் திருப்பி அனுப்பினால், நான்காம் தடவை போக வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சங்க அறையைத் திறந்து வைக்கிறேன். வீட்டிலுள்ள பத்திரங்களையெல்லாம், கிழிந்திருந்தாலும், எடுத்து வாருங்கள். எழுத என்னோடு சேர்த்து மூன்று பேராவது வேண்டும். பின்வரிசையில் நிற்கும் தம்பிமார்களே, கூட்டம் கலையுமுன் உங்களில் இருவர் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.