மிச்சம், பங்கு, பந்தி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பேச அழைக்கப்பட்டவன் சுருக்கமாகப் பேச வேண்டும் என்பது மேடை நாகரிகம். நான் பேச வந்திருப்பதும் சாப்பாட்டைப் பற்றித்தான். ஆகவே சாம்பார் வாசனை இந்த அரங்குக்குள் நுழைவதற்குள் முடித்துவிடப் பார்க்கிறேன்.

மேற்படிப்புக்காக வெளிநாடு செல்லும் மாணவர்களுக்கு நம் சங்கம் நடத்தும் வழிகாட்டுதல் கூட்டங்களில் விசா, வாடகை, குளிருக்கு உடுப்பு என்று எல்லாக் கேள்வியும் முடிந்த பிறகு, கடைசியில் ஒரு தம்பி தயங்கித் தயங்கி ஒன்று கேட்பார்: "அண்ணா, அங்கே யூனிவர்சிட்டியிலேயே மளிகை சாமான் ஃப்ரீயா தர்றாங்களாமே, நாம வாங்கிக்கலாமா?" உடனே பின்வரிசையில் ஒரு தந்தை முகம் சுளிப்பார்: "நம்ம பிள்ளை போய் இலவசத்துக்கு வரிசையில நிக்கறதா?" இன்னொருவர் குறுக்கிடுவார்: "சும்மா குப்பைக்குப் போறதை எடுத்தா என்ன சார் தப்பு?"

இருவர் பேச்சிலும் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் இருவரும் இலவச உணவு என்றால் ஒரே வகை என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். நான் தர்ம சாஸ்திரம் படித்தவன் அல்லன், பொறியாளன். பொருள்களை வகை பிரித்துப் பார்ப்பது என் தொழில். அப்படிப் பிரித்துப் பார்த்ததில் இலவச உணவில் மூன்று வகை எனக்குத் தெரிகிறது. அவற்றுக்கு மிச்சம், பங்கு, பந்தி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

முதலில் மிச்சம். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் வீணான உணவு 105 கோடி டன். கடைக்கும் உணவகத்துக்கும் வீட்டுக்கும் வந்து சேர்ந்த உணவில் இது 19 சதவீதம். இதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. "கல்யாண மண்டபத்துல கொட்றாங்க, ஓட்டல்ல கொட்றாங்க" என்று நாம் சொல்வது உண்மைதான். ஆனால் பெரிய குப்பைத்தொட்டி நம் வீட்டுச் சமையலறையில்தான் இருக்கிறது.

பங்கு என்பது வேறு. இல்லாதவருக்கென்று ஒதுக்கி, எண்ணிக் கொடுப்பது பங்கு. சென்னைவாசிகளுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதே இல்லை. தெருக்குழாய் உடைந்து தண்ணீர் சாக்கடைக்கு ஓடுகிறது என்று வையுங்கள். அதில் ஒரு கார்காரர் குடம் பிடித்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. "பிடிங்க சார், வீணாத்தானே போகுது" என்போம். அதே தெருவில் கோடையில் லாரித் தண்ணீர் வருகிறது. வீட்டுக்கு 5 குடம் என்று கணக்கு. வீட்டில் ஆழ்துளைக் கிணறு உள்ளவர் அங்கே வந்து குடத்தை வைத்தால் தெருவே சண்டைக்கு வரும். தண்ணீர் ஒன்றுதான், குடமும் ஒன்றுதான். நாம் பிடிக்காவிட்டால் அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்த இரண்டு வகைக்கும் இரண்டு தனித்தனி அமைப்புகளை வைத்து நடத்துகிற நாடு ஜெர்மனி. அங்கே 1993-ல் பெர்லினில் 'டாஃபல்' என்ற அமைப்பு தொடங்கியது. டாஃபல் என்றால் உணவு மேசை. இன்று நாடெங்கும் 900-க்கும் மேற்பட்ட கிளைகள். கடைகளில் விற்காமல் நின்ற காய்கறி, ரொட்டி, பால் பொருள்களைத் தொண்டர்கள் சேகரித்து, வருமானம் குறைந்தவர்களுக்குக் கொடுக்கிறார்கள். அரசு உதவித்தொகை பெறும் சான்று போன்ற ஒன்றைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். அது பங்கு.

2012-ல் அதே நாட்டில் 'ஃபுட்ஷேரிங்' என்று இன்னோர் அமைப்பு பிறந்தது. இவர்கள் யாரிடமும் வருமானச் சான்று கேட்பதில்லை. பொது இடத்தில் ஓர் அலமாரியோ குளிர்சாதனப் பெட்டியோ வைத்திருப்பார்கள். யாரும் வைக்கலாம், யாரும் எடுக்கலாம். மாணவரும் எடுப்பார், பேராசிரியரும் எடுப்பார். உணவு குப்பைக்குப் போகக் கூடாது என்பதுதான் அவர்களின் நோக்கம். ஆனால் அவர்களிடமும் ஓர் ஒழுங்கு உண்டு: ஒரு கடையின் மிச்சத்தை டாஃபல் எடுக்க முடியுமானால் முதல் உரிமை டாஃபலுக்கே. அவர்கள் எடுத்தது போக, அவர்களால் எடுக்க முடியாதது போக நிற்பதுதான் இவர்களுக்கு. பங்கு முதலில், மிச்சம் பிறகு. இந்த வரிசை தலைகீழானால்தான் தப்பு.

பங்கின் அளவு மாறாமல் ஆள் மட்டும் கூடினால் என்ன ஆகும் என்பதையும் அதே நாடு பார்த்தது. எஸ்ஸன் நகர டாஃபலில் வெளிநாட்டவரின் எண்ணிக்கை முக்கால் பங்கு அளவுக்கு உயர்ந்தபோது, 2018 தொடக்கத்தில், புதிதாக வருபவர்களில் ஜெர்மன் குடிமக்களை மட்டுமே பதிவு செய்வோம் என்று அறிவித்தார்கள். அந்நாட்டுப் பிரதமர் மெர்கல் வரை கண்டனம் எழுந்து, அந்த ஆண்டு ஏப்ரலில் அந்தக் கட்டுப்பாடு விலக்கப்பட்டது. அந்த முடிவு சரியா தப்பா என்று நான் பேச வரவில்லை. அங்கே சண்டை போட்டுக்கொண்டவர்கள் எல்லாரும் ஏழைகள் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். பங்கு வரிசையில் ஓர் ஆள் கூடினால் இன்னோர் ஆளுக்குக் குறையும். அந்த வரிசையில் வசதியுள்ளவன் போய் நின்றால், தன்னைவிட எளியவனின் தட்டிலிருந்து எடுக்கிறான் என்றுதான் பொருள்.

இனி அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். கனடாவில் 2024 மார்ச் மாதத்தில் மட்டும் உணவு வங்கிகளுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாயின. 2019-ஆம் ஆண்டு மார்ச்சோடு ஒப்பிட்டால் இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தச் சமயத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கு இனி தர முடியாது என்று சில உணவு வங்கிகள் சொல்லத் தொடங்கின. "செலவுக்குப் பணம் இருக்குன்னு கணக்குக் காட்டித்தானே விசா வாங்கினீங்க?" என்பது அவர்கள் கேள்வி. படிப்புக் கட்டணம் தவிர ஓராண்டுச் செலவுக்கு 10,000 டாலர் காட்ட வேண்டும் என்று நெடுங்காலமாக இருந்த விதி, 2024 ஜனவரி முதல் 20,635 டாலராக உயர்த்தப்பட்டதும் இதே காலத்தில்தான்.

இங்கே 'வசதி' என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். வங்கிக் கணக்கில் காட்டிய பணம் வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடனாக இருக்கலாம். பகுதி நேர வேலை கிடைக்காமல், வாடகை கொடுத்த பிறகு கையில் ஒன்றும் நிற்காத மாதமும் வரலாம். காகிதத்தில் வசதி, வயிற்றில் பசி. அப்படி ஒரு நாள் வந்தால், தம்பி, தங்கைகளே, எந்த வெட்கமும் வேண்டாம். உணவு வங்கி உங்களைப் போன்றவர்களுக்காகவும்தான். கேளுங்கள், கொடுத்தால் வாங்குங்கள், சாப்பிடுங்கள். பட்டினி கிடந்து படித்தேன் என்பது ஒரு பெருமை அல்ல. ஆனால் மாதச் செலவில் 200 டாலர் மிச்சம் பிடித்து அடுத்த செல்போன் வாங்கலாம் என்ற கணக்கில் அங்கே போகாதீர்கள். உங்கள் பையில் விழும் அந்தப் பருப்பு டின், மதியத்துக்கு மேல் இரண்டு குழந்தைகளோடு வரும் ஒரு தாய்க்கு எடுத்து வைத்ததாக இருக்கும். அதே ஊரில், வகுப்பு முடிந்து மீந்த பீட்ஸாவை "யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்" என்று வைத்தால், தாராளமாக எடுங்கள். அது மிச்சம்.

"அப்படியானால் மிச்சத்தையும் ஏழைக்கே கொடுத்துவிட்டால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. மிச்சத்தின் சிக்கல் அளவில் மட்டும் இல்லை. நேரத்திலும் இடத்திலும் இருக்கிறது. இரவு பத்தரை மணிக்கு ஒரு பேக்கரியில் 40 ரொட்டி நிற்கிறது. பசித்தவர் எட்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார். கடைசி பஸ் போய்விட்டது. வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. சமைத்த உணவாக இருந்தால் இன்னும் மோசம். 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழ் குளிராகவோ வைக்காவிட்டால் சில மணி நேரத்தில் அது விஷமாகலாம். தேங்காய் போட்ட பதார்த்தம்தான் முதலில் ஊசிப் போகும் என்பது நம் வீட்டுப் பெண்மணிகளுக்குத் தெரியும். சான்றிதழ் பார்த்து, பதிவேட்டில் எழுதி, ஆள் தேடிக் கொடுப்பதற்குள் உணவின் ஆயுள் முடிந்துவிடும். எனவே முதல் ஒரு மணி நேரம் தேவைப்படுவோருக்கு, கடைசி அரை மணி நேரம் யாருக்கு வேண்டுமானாலும் என்று வைப்பதுதான் நல்ல ஏற்பாடு. வசதியுள்ளவர் கடைசியில் வர வேண்டும். வந்தாலும் கேக்கைப் பொறுக்கிக்கொண்டு காய்ந்த ரொட்டியை விட்டுப் போகக் கூடாது. அன்றே சாப்பிடக்கூடிய அளவு மட்டும் எடுக்க வேண்டும். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அங்கே கெட வைப்பது குப்பைத்தொட்டியின் விலாசத்தை மாற்றுவதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வசதியுள்ளவரிடம் பணத்தைத் தவிர வேறு சிலவும் இருக்கின்றன: கார், பெரிய ஃபிரிட்ஜ், நாலு பேருக்கு ஃபோன் போடும் செல்வாக்கு. மிச்சம் பசியைச் சென்றடைய இவைதான் குறைகின்றன. 2017-ல் சென்னை பெசன்ட் நகரில் பொதுக் குளிர்சாதனப் பெட்டி ஒன்று வைத்தார்கள். பிறகு வேறு ஊர்களிலும் அதுபோல வந்தன. அப்படிப்பட்ட பெட்டியிலிருந்து எடுக்கலாமா என்று யோசிக்கிற நாம், அதைத் துடைத்து வைக்க, மண்டபத்திலிருந்து உணவை ஏற்றிவர வாரம் ஒரு நாள் போகலாமே. மிச்சத்தில் கை வைக்கிறவர் உழைப்பிலும் ஒரு கை கொடுத்தால் கணக்கு நேராகிவிடும்.

மூன்றாவது வகை, பந்தி. இது எல்லாருக்கும் பொதுவாக வைப்பது. 1867-ல் வடலூரில் வள்ளலார் ஏற்றிய தருமசாலை அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அங்கே வருபவரிடம் நீ யார், எந்தச் சாதி என்று யாரும் கேட்பதில்லை. அமிர்தசரஸ் பொற்கோயிலில் லட்சாதிபதியும் கூலிக்காரரும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்துதான் சாப்பிட வேண்டும். 1956-ல் காமராஜர் ஆட்சியில் வேரூன்றி, 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பெருகிய மதிய உணவுக்கும், 2022-ல் தொடங்கிய காலை உணவுக்கும் பள்ளியில் பிள்ளையிடம் வருமானச் சான்று கேட்டதில்லை. இந்த அரங்கில் இருப்பவர்களில் எத்தனையோ பேர் அந்தத் தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். பந்தியில் வசதியுள்ளவன் உட்காருவது நல்லது, ஒரு வகையில் அவசியமும் கூட. அவன் எழுந்து போய்விட்டால் அது 'ஏழைகள் சாப்பாடு' ஆகிவிடும். ஏழையும் கூச்சப்பட்டு வராமல் போவான். சமையலின் தரமும் கேட்க ஆளில்லாமல் இறங்கும்.

நம் ரேஷன் கடையும் ஒரு பந்திதான். தமிழ்நாட்டில் அட்டை எல்லாருக்கும் உண்டு. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அதை வாங்கிச் சோறாக்கிச் சாப்பிடுகிறவர் என்ன சம்பளம் வாங்கினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் "நாங்க சாப்பிடறதில்லை சார், வாங்கி மாவுக் கடைக்குக் கொடுத்துடுவோம், மாட்டுக்கு வைப்போம்" என்று சொல்கிற வீடுகள் நம்மில் இல்லையா? அது பந்தியில் உட்கார்ந்துவிட்டு இலையை அடுத்த தெருவில் விற்பது போல. நாம் வாங்காத அரிசி குப்பைக்குப் போவதில்லை. கடை இருப்பிலேயே நிற்கும். அரிசி வேண்டாம் என்றால் சர்க்கரை அட்டையாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. எந்தப் பொருளும் வேண்டாம் என்கிற அட்டையும் இருக்கிறது. விட்டுக்கொடுப்பதற்கு அரசாங்கமே வாசல் திறந்து வைத்திருக்கிறது.

தொகுத்துச் சொல்கிறேன். மிச்சமானால் கடைசியில் போய் அளவாக எடுங்கள். பங்கானால், தேவை இருந்தால் தலைநிமிர்ந்து வாங்குங்கள். தேவை இல்லையென்றால் ஒதுங்கி நில்லுங்கள். பந்தியானால் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். எழுந்த பிறகு அடுத்த பந்திக்கு உங்களால் ஆனதைக் கொடுங்கள். எது எந்த வகை என்று குழப்பம் வந்தால், "நான் எடுக்காவிட்டால் இது எங்கே போகும்?" என்று உங்களையே கேளுங்கள். குப்பைக்கு என்றால் எடுக்கலாம். இன்னொருவர் வயிற்றுக்கு என்றால் கை நீட்டாதீர்கள்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். நம் விடுதி மெஸ்ஸில் வாரா வாரம் எவ்வளவு கொட்டுகிறோம் என்று மாணவர்களே ஒரு மாதம் தராசில் நிறுத்து, அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடட்டும். அளந்து பார்க்காததைக் குறைக்க முடியாது என்று இந்தக் கல்லூரியில்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மிச்சத்தை யாருக்குக் கொடுப்பது என்று யோசிப்பதற்கு முன்னால், மிச்சமே விழாமல் சமைப்பது எப்படி என்று யோசிப்பதுதான் பொறியாளனின் வேலை. அதற்கான தராசை என் வகுப்புத் தோழர்கள் சார்பில் வாங்கித் தர நாங்கள் தயார்.

சாப்பிடப் போகலாம். இலையில் வேண்டியதை மட்டும் கேட்டு வாங்குங்கள்.