வாசல் அகலமாகட்டும்



இரண்டாம் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்டுத் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களுக்கு மெடல் கிடைத்தது. ஆனால் சக்கர நாற்காலி சொந்த வீட்டு பாத்ரூம் வாசலில் நுழையலையே! அதற்குத்தான் 1948-இல் சட்டம் வந்தது: தகுந்த வீட்டுக்கு ஆகும் செலவில் பாதி, அதிகபட்சம் 10,000 டாலர் மானியம். கடன் அல்ல, திருப்பிக் கட்ட வேண்டாம்.

பிற்காலத்தில், உச்சவரம்புக்குள் மூன்று தடவை பெறலாம் என்றிருந்ததை 2020-இல் ஆறாக்கினார்கள். நியாயம்தானே? வயசாக ஆக உடம்பு மாறுது, வீடும் மாறுது. ஒரு தடவை போட்ட சாய்தளம் ஆயுசுக்கும் போதுமா?

சிவில் படிக்கும் தம்பி தங்கைகளே, கதவுக்குக் குறைந்தது 32 அங்குலம் வழி விடுங்கள். பிளானில் அது ஒரு கோடு. கட்டிய பிறகு, சுவரையே இடிக்கணும்.